என் ட்ரேயில் கிடந்த என் லீவுக் கடிதம்

எங்கள் சங்கத்தின் யாப்பில் பதினான்காம் விதி மூன்று வாக்கியங்கள் கொண்டது. தலைவர் உட்பட ஒவ்வொரு பணியாளரும் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாகப் பதினான்கு நாட்கள் விடுமுறை எடுத்தல் வேண்டும். விண்ணப்பம் கிடைத்து ஏழு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வழங்கப்படுதல் வேண்டும். விடுமுறையில் இருப்பவர் அலுவலகக் கடிதம் எதனையும் பிரிக்கவோ அலுவலக அழைப்பை ஏற்கவோ கூடாது.

எழுதியவள், சங்கத்தின் தலைவியான நான்தான். மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிர்வாகப் பக்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவளிடம் யாப்பு எழுதக் கொடுத்தால் இப்படித்தான் வரும். முதல் வரைவில் நாலாவது வாக்கியம் ஒன்றும் இருந்தது: ஏழு நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின் விடுமுறை வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அதைச் சேர்த்தவர் எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். நான் சிவப்புப் பேனையால் அதை வெட்டி, பக்கத்தில் ‘மௌனம் அனுமதி ஆகாது’ என்று எழுதினேன். அன்றைக்கு அந்தக் குறிப்பைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எங்கள் வேலை சிறியது. மனநோய் வார்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவர்களைப் போய்ப் பார்ப்பது, குளிசை போடுகிறார்களா என்று விசாரிப்பது, கிளினிக் நாளை ஞாபகப்படுத்துவது, அவர்களோடு வீட்டில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்பது. கந்தளாயிலிருந்து குச்சவெளி வரைக்கும் ஆறு பணியாளர்கள் பஸ்ஸில் போய் வருவார்கள். கடினமான வீடு ஒன்றுக்குப் போய் வந்தவர் மறுநாள் வேலைக்கு வரத் தேவையில்லை. மாதம் இரண்டு தடவை எல்லோரும் உளவளத்துணையாளர் ஒருவருடன் இருந்து கதைக்க வேண்டும். இதெல்லாம் யாப்பில் உண்டு. பணியாளர்கள் கதைக்கப் போகும் நாட்களில் நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே கதிரை போட்டு இருப்பேன். உள்ளே யாரும் போகக் கூடாது என்பதற்காக. நானும் போகவில்லை.

அலுவலகம் உட்துறைமுக வீதியில் ஒரு வீட்டின் மேல்மாடி. என் மேசைக்கு எதிரே உள்ள ஜன்னலில் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். தானியக் கப்பல் வந்து நிற்கும்; ஒரு கிழமை நிற்கும்; பிறகு போய்விடும். அந்த ஆடி மாதத்தில் அதை நான் பொறாமையுடன் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அந்த ஆண்டு மோசம். கண்ணுக்குள் மணல், மேசையில் மணல், ஒவ்வொரு கடதாசிக்கு மேலும் ஒரு கல். நான் எழும்பி ஜன்னலைச் சாத்துவேன். புழுக்கம் தாங்காமல் எழும்பித் திறப்பேன். ஒரு கடிதத்தின் முதல் பந்தியை நாலு தடவை வாசித்துவிட்டு அது யாரிடமிருந்து வந்தது என்று பார்ப்பேன். போன் அடிக்காத நேரத்திலும் அது அடிக்கிறது போல இருக்கும். எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், திரும்ப எடுப்பேன். கோயிலில் தீபம் காட்டும்போது கைப்பையைத் திறந்து பார்த்தேன் என்று என் கணவர் சொன்னார்.

“நாளைக்கு அதைச் சுவாமிக்குப் படைச்சிட்டு வாரும். அவரும் கொஞ்சம் அலையட்டும்.”

அவர் துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்தே ஓய்வாக இருக்கிறார். அந்தத் திறமை எனக்கு வாய்க்கவில்லை.

என்னை விழிக்கச் செய்தது ஒரு தொலைபேசி அழைப்பு. குச்சவெளிப் பக்கத்துத் தாய் ஒருத்தி. மகனுக்கு முப்பது வயதிருக்கும். வார்டிலிருந்து வந்து ஒரு வருடம். தாய் அடிக்கடி எடுப்பாள். அன்று காலையில் மட்டும் அது மூன்றாவது அழைப்பு.

“மெடம், பிள்ளை ரெண்டு நாளாக் குளிசை போடேல்லை. கேட்டால் வாயைத் திறக்கிறான் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு.”

நான் அப்போது இன்னொரு கடிதத்தின் முதல் பந்தியில் ஐந்தாவது தடவை நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“இப்பிடி ஒவ்வொரு நாளும் எடுத்துக் கதைச்சுக்கொண்டிருக்க ஏலாது. என்ன விஷயம் எண்டாலும் எழுத்தில தாங்கோ. பார்ப்பம்.”

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு, “சரி மெடம்.” அழைப்பு நின்றது.

அலுவலக உதவியாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணியாப் பெண், நாற்பதைத் தாண்டியவள், மூன்று பிள்ளைகளின் தாய். சங்கம் உண்மையில் அவள் தலையில்தான் நிற்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். யாப்பில் மட்டும் அது இல்லை.

“ஆரு மெடம்?”

சொன்னேன்.

“எழுத்திலயா? அந்த அம்மாவுக்குக் கையெழுத்தே வராதே மெடம். நம்மட படிவத்தில பெருவிரல்தானே வெச்ச.”

அவள் என் கையிலிருந்து போனை வாங்கித் திரும்ப எடுத்தாள். பதில் இல்லை. மறுநாள் கிடைத்தது, மகன் குளிசை போட்டுவிட்டதாகவும் இப்போது பரவாயில்லை என்றும் தாய் சொன்னாளாம். அத்தோடு அது முடிந்தது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

அன்று பின்னேரம் நான் மேசையை விட்டு எழும்பவில்லை. கச்சேரியில் இருந்த காலத்தில் இப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்குப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அங்கே வந்தவர்கள் காணிக்காகவும் உத்தரவுப் பத்திரத்துக்காகவும் வந்தவர்கள். இங்கே எடுப்பவர்கள் கதைப்பதற்காகவே எடுக்கிறார்கள். அதைத் தாங்க முடியாத ஒருத்தி அந்தக் கதிரையில் இருப்பது யாருக்கோ ஒருநாள் ஆபத்தாக முடியும். இது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? விண்ணப்பம் எழுதினேன்.

ஆடி 18ஆம் திகதியிட்ட கடிதம். பெறுநர், செயற்குழு. ஊடாக, செயலாளர். பொருள், பதினான்காம் விதியின் கீழ் விடுமுறை. காரணம் என்ற இடத்தில் முதலில் ‘சொந்த அலுவல்’ என்று எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டு ‘களைப்பு’ என்று எழுதினேன். ஒரு கடிதத்தில் அந்தச் சொல்லை நான் எழுதியது அதுவே முதல் தடவை.

அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு ‘ஊடாக’ என்பதன் பாரம் தெரியும். எந்தக் கடிதமும் நேரே போகாது. ஒருவரின் கைக்குள்ளால் நுழைந்து, அவருடைய குறிப்பைப் பெற்றுக்கொண்டுதான் அடுத்தவரிடம் போகும். எங்கள் சங்கத்திலும் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான். செயலாளருக்கு வரும் எல்லாக் கடிதங்களும் அவருடைய சிறுகுறிப்புடன் தலைவரின் ட்ரேக்கு வர வேண்டும் என்பதும் என் ஏற்பாடே. ஐந்தாம் நாள் காலை என் ட்ரேயைத் திறந்தேன். மேலே என் கடிதம். ஓரத்தில் அதிபரின் முத்துப் போன்ற கையெழுத்தில்: ‘தலைவரின் பணிப்புரைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.’

என் விடுமுறைக்கு என்னுடைய பணிப்புரை.

அதிபரை அழைத்தேன். வந்து, குடையை மடித்து, கதிரையின் நுனியில் இருந்தார்.

“சேர், இது என்ர கடிதம்.”

“ஓம் மெடம். வாசிச்சனான்.”

“நான் கேட்ட லீவுக்கு நானே எப்பிடிப் பணிப்புரை எழுதுறது?”

“அதுதான் மெடம் எனக்கும் குழப்பம். நான் ‘அனுமதிக்கலாம்’ எண்டு எழுதினால், நான் உங்களுக்கு மேல எண்டெல்லோ வரும்?” அவர் உண்மையாகவே வருந்தினார். “நீங்கள் போங்கோ மெடம். ஆர் மறிக்கிறது? போயிட்டு வாங்கோ.”

“அதை எழுதித் தாங்கோ.”

அவர் கூரையைப் பார்த்தார்.

தன் சொந்த விடயத்தில் எவரும் தீர்ப்பளிக்கக் கூடாது என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த நியாயம். ஆகவே ‘இது எனது சொந்த விடயம் ஆதலால் செயற்குழு தீர்மானிக்க’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். அது அதிபரிடம் போனது. செயற்குழுவைக் கூட்டுபவர் தலைவர் என்பதால் கூட்டத்துக்குத் திகதி கோரி என்னிடமே திரும்பி வந்தது. திகதி கொடுத்தேன். புரட்டாதியில் கூட்டம் வைத்தோம். கிண்ணியா உறுப்பினர்கள் இருவர் ஒரே கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்கள்; மூதூர்க்காரருக்குக் காய்ச்சல். வந்தவர்கள் மூன்று பேர், என்னையும் சேர்த்து. என் விடயம் வந்ததும், முறைப்படி நான் எழும்பி வெளியே போனேன். உள்ளே இருந்த இருவரும் கோரத்துக்கு ஆள் எண்ணிக்கை போதாது என்று கண்டு, மசாலா வடையைச் சாப்பிட்டு முடித்துவிட்டு என்னை உள்ளே அழைத்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னபோது என் கணவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

“இஞ்சேருங்கோ, இதில சிரிக்க என்ன இருக்கு?”

“நாளைக்கு விடிய ஒரு பையை எடுத்துக்கொண்டு நீர் பஸ் ஏறினா ஆர் உம்மைப் பிடிச்சுக் கட்டப் போறான்?”

“பதில் வராமல் எப்பிடிப் போறது?”

அவர் இருமலை நிறுத்தினார். “உண்மையைச் சொல்லும். உமக்கு லீவு வேணுமோ? இல்லாட்டி லீவு தரேல்லை எண்டு சொல்லித்திரிய ஒரு கடிதம் வேணுமோ?”

எழும்பிப் போய் குசினியில் ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களைக் கழுவினேன். பாத்திரம் கழுவும்போது ஒன்று விளங்கியது. நானாகப் போனால், விட்டுவிட்டுப் போனவள் ஆவேன். யாராவது ஒருவர், எனக்கு மேலே உள்ள ஒருவர், ‘நீங்கள் போகலாம்’ என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். எனக்கு மேலே எவரும் இல்லாதபடி அந்தச் சங்கத்தை அமைத்தவளும் நான்தான்.

அதன் பிறகு நான் ட்ரேயைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. அந்தக் கடிதம் மேலே கிடந்தது. அதன் ஓரம் முழுக்கக் குறிப்புகள், அதிபருடையதும் என்னுடையதுமாக, இரண்டு பேர் கிளித்தட்டு விளையாடியது போல. அதைக் காண எனக்கு எரிச்சல். வருகிற கடிதங்களை உதவியாளர் அதற்குக் கீழே வைப்பாள், மேலே இருப்பது அவசரமானது என்று நினைத்து. நான் போனில் கதைத்தேன், கூட்டங்களுக்குப் போனேன், கிளினிக்குப் பட்டியல் அனுப்பினேன். வெளியே பார்ப்பவர்களுக்கு நான் ஓடிக்கொண்டிருந்தேன். குச்சவெளிப் பக்கம் போய்வரும் பணியாளர் பிரசவ லீவில் இருந்தாள். அவளுக்குப் பதிலாக ஒருவரை அனுப்புவதற்கான கடிதம் என் கையெழுத்துக்காக அதே ட்ரேயில் கிடந்தது. குச்சவெளித் தாய் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. நிலைமை சீராகிவிட்டது என்று மாத அறிக்கையில் எழுதியிருந்தேன்.

ஐப்பசி பிறந்து ஒரு கிழமையிருக்கும். மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. காற்று கச்சான் பக்கம் விட்டு வாடைப் பக்கம் திரும்பியிருந்தது எனக்குத் தெரியாது. சாத்த வேண்டிய ஜன்னலை விட்டு மற்ற ஜன்னலைச் சாத்தியிருந்தேன். ஒரே அடியில் ட்ரே கவிழ்ந்தது. கடதாசிகள் அறை முழுக்கப் பறந்தன. மழையும் உள்ளே வந்தது. உதவியாளரும் நானும் நிலத்தில் குந்தி இருந்து பொறுக்கினோம்.

“மெடம்.” அவள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “இதை நீங்க பாக்கல்லியா?”

நீளமான கோடிட்ட தாள். கச்சேரி வாசலில் மரத்துக்குக் கீழே மேசை போட்டிருக்கும் மனு எழுதுபவரின் கை. முப்பது வருடம் பார்த்த கை. ‘கௌரவ தலைவி அவர்கட்கு. பொருள்: எனது மகனைப் பார்வையிட வருமாறு கோரல். தாங்கள் தொலைபேசியில் பணித்தவாறு மேற்படி விடயத்தை எழுத்து மூலம் சமர்ப்பிக்கின்றேன்.’ மகன் ஐந்து நாட்களாகக் குளிசை எடுக்கவில்லை. உறங்குவதில்லை. களப்புப் பக்கம் நடந்து போகிறான். கீழே, கையொப்பம் என்ற இடத்தில், நீல மையில் பெருவிரல் அடையாளம். ரேகைகள் எல்லாம் தெளிவாக இருந்தன. திகதி புரட்டாதி 20.

பதினெட்டு நாட்கள். எங்கள் யாப்பில் எல்லாக் கடிதங்களுக்கும் பதில் காலம் ஏழு நாட்கள்.

மழை விடும்வரை காத்திருக்கவில்லை. கரையோர வீதியால் குச்சவெளி போகும் பஸ்ஸில் இருவரும் ஏறினோம். இருக்க இடம் கிடைத்தும் நான் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலாவெளி தாண்டும் வரைக்கும் நின்றேன். உதவியாளர் என் கைப்பையை இழுத்து என்னை இருத்தினாள்.

“நின்டா பஸ் கெதியாப் போகுமா மெடம்?”

வீட்டின் பின்பக்கம், வலை காயும் கம்புகளுக்குப் பக்கத்தில், அவன் குந்தி இருந்தான். தாடி வளர்ந்து, மெலிந்து, ஈரச் சாரத்துடன். எங்களைப் பார்த்தான், பார்த்ததாக முகத்தில் தெரியவில்லை. தாய் ஓடிவந்து முற்றத்துக் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“கடிதம் கிடைச்சதோ மெடம்?”

“கிடைச்சது அம்மா.”

“வடிவா எழுதித் தந்தவர் என்ன? ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினவர்.” மகன் இரண்டு தடவை களப்பில் கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் போனதையும், இறால் பிடிப்பவர்கள் கண்டு கூட்டிவந்ததையும் அதே குரலில் சொன்னாள். ஒழுங்குபடி ஒப்புவிப்பது போல.

“ஏன் அம்மா எங்களுக்குப் போன் எடுக்கேல்லை?” என்று உதவியாளர் கேட்டாள்.

தாய் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். “கடிதம் போட்டிட்டுப் போனும் எடுத்தால் அவசரப்படுத்திற மாதிரி இருக்குமெல்லோ. பதில் வரட்டும் எண்டு இருந்தனான்.”

அந்தக் கதிரையில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. “நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அம்மா. இனி எழுத வேண்டாம். எத்தினை தரம் எண்டாலும் எடுங்கோ” என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பினாளா என்று தெரியவில்லை. அதிகாரிகள் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொன்று சொல்வார்கள் என்பது அவளுக்குப் பழக்கமான விடயம்.

ஓட்டோ ஒன்று பிடித்து அவனையும் தாயையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தோம். டொக்டர் பார்த்து அன்றே வார்டில் சேர்த்தார். நல்ல நேரத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார். எனக்கு அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று உதவியாளரிடம் சொன்னேன்: “பன்ரெண்டாந் திகதியில இருந்து நான் லீவு.”

“பதில் வந்திட்டா மெடம்?”

“இல்லை.”

“அப்ப விதிக்கு மாறு.”

“ஓம்.”

அவள் முகத்தில் வந்த சிரிப்பை மறைக்க முக்காட்டைச் சரிசெய்தாள். இடையில் இருந்த நாட்களில் ட்ரேயில் கிடந்த ஒவ்வொரு கடிதத்தையும் பார்த்தேன். பிரசவ லீவுப் பதிலாளுக்குக் கையெழுத்திட்டேன். அவள் அடுத்த நாளே குச்சவெளிக்குப் போனாள். அலுவலக போனை உதவியாளரிடம் கொடுத்தேன். அதை அவள் தன் பையில் போட்டு சிப்பை இழுத்து மூடிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. என் லீவுக் கடிதத்தை மட்டும் ஒரு குறிப்பும் எழுதாமல் அதிபரிடம் அனுப்பிவிட்டு, நான் போகிறேன் என்று தொலைபேசியில் அறிவித்தேன்.

“மெடம், பதில் போடாமல் நீங்கள் போனால், லீவுக் கோவையில என்னெண்டு எழுதுறது?”

“போயிட்டா எண்டு எழுதுங்கோ சேர்.”

ஓய்வு என்பது ஏதோ ஒரு கட்டில் போல, போய்ப் படுத்தால் சரி என்று நினைத்திருந்தேன். முதல் நாள் குசினி அலுமாரியில் இருந்த போத்தல்கள் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டினேன். இரண்டாம் நாள் என் கணவரின் நாளாந்த அலுவல்களை நேரவாரியாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் ‘தலைவரின் பணிப்புரைக்காக’ என்று எழுதித் திருப்பித் தந்தார். மூன்றாம் நாள் காலை டச்பே கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். ஊருக்குள் திரியும் மான்கள் வீதியோரத்தில் யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு, எனக்கு வழிவிட எந்த அவசரமும் காட்டாமல் நின்றன. திரும்பி வரும்போது கால்கள் தாமாகவே உட்துறைமுக வீதிக்குத் திரும்பின. மேல்மாடி ஜன்னல் திறந்து உதவியாளரின் தலை தெரிந்தது.

“மெடம்! இந்தப் பக்கம் வாறதுக்கு உங்களுக்கு அனுமதி இல்ல!”

“சும்மா நடக்கிறன்!”

“கடற்கரையில நடங்க! அங்க இடம் தாராளம்!” ஜன்னல் மூடியது. எந்தப் பக்கம் காற்று என்று பார்த்து, சரியான ஜன்னலைத்தான் மூடினாள்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளினிக்கில் இலக்கம் எடுத்துக்கொண்டு சுவரோர நீள வாங்கில் இருந்தேன். எத்தனையோ பேரைக் கூட்டிவந்து இதே வாங்கில் இருத்தியிருக்கிறேன். கையில் இலக்கத்துடன் இருந்தது இல்லை. என்னைத் தெரிந்த தாதி எட்டிப் பார்த்தாள்.

“மெடம், ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“என்னை.”

அவள் வேறெதுவும் கேட்காமல், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே படிவத்தை என்னிடம் கொடுத்தாள். வரிசையில் முன்னுக்கு விடவும் இல்லை. அதற்காக நான் அவளுக்கு நன்றியுடையவள். டொக்டர் அரை மணித்தியாலம் இருந்து கதைத்தார். எப்போதிருந்து நித்திரை இல்லை, எப்போதிருந்து ஒன்றை முடிக்க முடியவில்லை, எப்போது கடைசியாக அழுதீர்கள். குச்சவெளிக் கதையைச் சொல்லத் தொடங்கி இடையில் சொல்ல முடியாமல் போனது. அவர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். எழுத்தில் தரச் சொல்லவில்லை. சிறிய குளிசை ஒன்று, பின்னேரத்தில் நடை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை திரும்ப வரவேண்டும். மாதம் இரண்டு தடவை பணியாளர்கள் கதைக்கப் போகும் அறைக்குள் நானும் போகவேண்டும், வெளியே கதிரை போடக் கூடாது. கதிரை விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உங்கட உதவியாளர் போன கிழமை பட்டியல் தர வந்தவ” என்றார்.

வார்டில் குச்சவெளித் தாயின் மகனையும் எட்டிப் பார்த்தேன். குளித்து, தாடி எடுத்திருந்தான். தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சோறு குழைத்துக்கொண்டிருந்தாள். “இப்ப ஒண்டு ரெண்டு கதைக்கிறான் மெடம்.” நான் அலுவலாக வரவில்லை, லீவில் நிற்கிறேன் என்று சொன்னேன். “நல்லது. உங்களுக்கும் வேணுமெல்லோ” என்றாள். மாதக்கணக்காக ஒரு கடிதத்தில் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் கிட்டத்தட்ட அதுதான்.

அதற்குப் பிறகும் அமைதி வந்துவிடவில்லை. ஒன்பதாம் நாள் பின்னேரம் முழுக்க முற்றத்தைச் சுற்றி நடந்தேன். பத்தாம் நாள் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பந்தியை ஒரே தடவையில் தாண்டி, நாற்பது பக்கம் போய், அப்படியே கதிரையில் நித்திரையாகிவிட்டேன். எழும்பும்போது மழை பெய்து விட்டிருந்தது. மழை பெய்தது எனக்குத் தெரியாது. ஜன்னல்களைச் சாத்தியது யார் என்று பார்த்தேன். என் கணவர் அடுத்த கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் தபால்காரர் மணி அடித்தார். பதிவுத் தபால். என் கணவர் கையெழுத்திட்டு வாங்கி, உறையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். சங்கத்தின் முத்திரை. அதிபரின் முத்துக் கையெழுத்தில் என் பெயர், வீட்டு முகவரி, இடது மூலையில் ‘விடுமுறை விண்ணப்பம் தொடர்பாக’.

“வந்திட்டுது உம்மட பதில். திறவும்.”

“ஏலாது.”

“என்ன ஏலாது?”

“லீவில நிக்கிற ஆள் அலுவலகக் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. பதினாலாம் விதி.”

அவர் என்னையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்குள்ள லீவு தரேலாது எண்டு இருந்தால்?”

“திரும்பிப் போற அண்டைக்குப் பார்ப்பம்.”

கையைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினேன். மேசை லாச்சியில் ஒரு பென்சில் இருந்தது. கிடைத்த கடிதத்தில் கிடைத்த நாளைக் குறிக்காமல் விட எனக்கு வராது. வலது மூலையில் எழுதி, உறையைச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டு, டச்பே பக்கம் நடக்கப் போனேன்.

கிடைத்தது: ஐப்பசி 23.